இரண்டு விடையும் சரி மாதிரி தெரிந்தால் எதை டிக் செய்வது? போட்டித் தேர்வுகளின் 'பிழை கண்டுபிடி' சிக்கல்

'ஒன் ஷுட் டூ ஹிஸ் டியூட்டி.'

ஒருவர் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஐந்து சொல் ஆங்கில வாக்கியம். இதில் பிழை இருக்கிறதா?

இந்தியப் பள்ளி இலக்கண நூல்களைக் கேட்டால், இருக்கிறது. 'ஒன்' என்று ஆரம்பித்தால் 'ஒன்ஸ் டியூட்டி' என்றுதான் முடிக்க வேண்டும், 'ஹிஸ்' வரக்கூடாது. அமெரிக்க ஆங்கிலத்தைக் கேட்டால், 'ஹிஸ்' நெடுங்காலமாக அங்கே புழக்கத்தில் இருக்கும் சொல், தவறே இல்லை. இரண்டு பக்கமும் ஆதாரம் உண்டு. ஆனால் தேர்வு மையத்தின் கம்ப்யூட்டர் திரையில் க்ளிக் செய்ய முடிவது ஒரே ஒரு வட்டத்தைத்தான்.

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகள், 60 நிமிடம். ஒரு கேள்விக்கு 36 விநாடி. அதில் 25 கேள்விகள் ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறானால் 0.50 போய்விடும். கட்-ஆஃப் தசமப் புள்ளியில் நிற்கும் தேர்வில் அரை மார்க் என்பது சில்லறை இல்லை.

இந்தக் கணக்கு அதிகம் உறைப்பது திருக்கனூர் மாதிரி ஊர்களில்தான். புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே, விழுப்புரம் மாவட்ட எல்லையை ஒட்டி, மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கிறது திருக்கனூர். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களைப் போலவே இங்கேயும் டிகிரி முடித்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கி என்று மூன்று நான்கு தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். புதுச்சேரிக்கெனத் தனியாக ஓர் அரசுப் பணியாளர் தேர்வாணையம் கிடையாது. யூனியன் பிரதேச அரசு தன் துறைகளுக்கு எடுக்கும் ஆட்களும் குறைவு. அதனால் நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் எழுதும் மத்தியத் தேர்வுகளில்தான் மோத வேண்டியிருக்கிறது. எஸ்.எஸ்.சி.யின் சில தேர்வுகளில் மற்ற பகுதிகள் இப்போது தமிழிலும் வருகின்றன. ஆங்கிலப் பகுதி மட்டும் எப்படியும் ஆங்கிலத்தில்தான்.

"எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா" என்று அந்த 25 கேள்விகளை அப்படியே தள்ளிவிடுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் விடைத்தாள்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், எல்லா தவறும் இங்கிலீஷ் வராததால் வருவதில்லை. சில கேள்விகளில் குழப்பம் எழுதுகிறவர் தலையில் இல்லை, கேள்வியிலேயே இருக்கிறது.

இரண்டு வகைக் குழப்பம்

முதல் வகை, தமிழ்க் காது செய்யும் வேலை. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்ற வாக்கியம் நம்மில் பலருக்கு உறுத்தவே உறுத்தாது. காரணம் எளிது. 'நேத்து அவனைப் பாத்திருக்கேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். 'இருக்கிறேன்' சேர்ந்த வினை நேற்று, போன வாரம், 2019 என்று எந்தக் காலத்தோடும் நம்மிடம் ஒட்டும். ஆங்கிலத்தில் 'ஹேவ் சீன்' வந்தால், முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் பக்கத்தில் நிற்க முடியாது. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' மட்டும்தான்.

'டிஸ்கஸ் அபவுட் தி பிராப்ளம்' கூட இப்படித்தான். 'பிரச்சினையைப் பற்றி விவாதிப்போம்' என்பதில் இருக்கும் 'பற்றி', ஆங்கிலத்துக்குள் 'அபவுட்' ஆக நுழைந்துவிடுகிறது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதன் பின்னால் 'என் ஃப்ரெண்டு ஒருத்தன்' நிற்கிறான். தமிழில் ஒருத்தன்தானே, அதனால் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மை போடக் கை வருவதில்லை. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'திரும்ப வந்துடு' ஒளிந்திருக்கிறது.

இவற்றில் எந்த சந்தேகமும் இல்லை. உலகத்தில் எந்தத் தேர்வாக இருந்தாலும் விடை ஒன்றுதான். கேள்வி குழப்புகிறது என்று தோன்றினால், குழப்புவது கேள்வியா, தமிழ்ப் பழக்கமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ரெண்டுமே கரெக்டா இருக்கே' என்று தோன்றும் இடங்களில் கணிசமானவை இந்த முதல் வகையில்தான் முடியும். பழைய கேள்வித்தாள்களில் தவறிய ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் பக்கத்தில், அதே கருத்தை வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று தமிழில் எழுதிப் பார்த்தால் போதும். எந்தச் சொல் எங்கிருந்து இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது வகைதான் உண்மையான சிக்கல். இங்கே நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களே முட்டிக்கொள்வார்கள்.

'நன் ஆஃப் தெம் வாஸ்' என்பதா, 'வேர்' என்பதா? ஒருமைதான் சரி என்று பழைய வாத்தியார்கள் அடித்துச் சொல்வார்கள். இன்றைய பயன்பாட்டு நூல்கள் இரண்டையும் ஏற்கின்றன. இரண்டு பேர் என்றால் 'ஈச் அதர்', அதற்கு மேல் என்றால் 'ஒன் அனதர்' என்பது கோச்சிங் சென்டர் நோட்ஸில் கட்டம் கட்டிப் போடப்படும் விதி. நவீன அகராதிகள் இந்த வேலியை வலியுறுத்துவதில்லை. 'டிஃபரண்ட் தேன்' அமெரிக்காவில் சாதாரணம், இந்தியத் தேர்வில் பிழை. 'கமிட்டி' ஒருமையா பன்மையா என்பது, கமிட்டிக்காரர்கள் ஒத்துப்போனார்களா சண்டை போட்டார்களா என்பதைப் பொறுத்தது. வாக்கியத்தில் அந்தத் தகவலே இல்லாவிட்டால்?

'ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் பாஸ்ட்.' பாஸானது ரவியா, குமாரா? 'ஹி' யாரைக் குறிக்கிறது என்று தெரியவில்லை, ஆகவே பிழை என்று ஒரு விடைக்குறிப்பு சொல்லலாம். பேச்சில் தினமும் இப்படித்தானே சொல்கிறோம், பிழையில்லை என்று இன்னொன்று சொல்லலாம். சொல்லவும் செய்கின்றன.

அப்படியானால் தேர்வு எதைத்தான் சோதிக்கிறது?

இங்கேதான் பலர் கவனிக்கத் தவறும் விஷயம் இருக்கிறது. 'பிழை கண்டுபிடி' கேள்வி நல்ல ஆங்கிலத்தைச் சோதிப்பதாகப் பெயர். நடைமுறையில் அது சோதிப்பது, கேள்வி எடுத்தவர் கையில் வைத்திருக்கும் இலக்கணப் புத்தகத்தை. இந்தியாவில் அந்தப் புத்தகம் பெரும்பாலும் 1930-களில் வெளிவந்த ரென் அண்ட் மார்ட்டின், அல்லது அதன் பேரப்பிள்ளைகளான வழிகாட்டி நூல்கள். இங்கிலாந்தே கைவிட்டுவிட்ட சில விதிகள் இந்தியத் தேர்வு மையங்களில் இன்னும் உயிரோடு இருப்பது இதனால்தான்.

இதில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் பார்த்து ஆங்கிலம் பழகியவர் 'காதுக்குச் சரியாக இருக்கிறது' என்று டிக் அடிப்பார். விதியை மனப்பாடம் செய்து வந்தவர், காது என்ன சொன்னாலும் விதி சொல்வதை டிக் அடிப்பார். 'ஒன்–ஒன்ஸ்' மாதிரிக் கேள்விகளில் ஜெயிப்பது இரண்டாமவர்தான். சரளமாகப் பேசுகிறவர்கள் ஆங்கிலப் பகுதியில் சறுக்குவதும், பேசவே தயங்குகிறவர்கள் அதில் முந்துவதும் இப்படி நடக்கிறது. நியாயமா என்று கேட்டால், ஒரு மொழித் தேர்வு மொழியை விட்டுப் புத்தகத்தை அளப்பது நல்லதல்ல. ஆனால் அடுத்த மாதம் தேர்வு எழுதப் போகிறவருக்கு அந்த நியாயம் உதவாது.

எந்தப் புத்தகம் என்ற கேள்வி புதுச்சேரியில் இன்னும் கொஞ்சம் சிக்கல். புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இயங்கின. 2023-24 கல்வியாண்டு தொடங்கி கட்டம் கட்டமாக சி.பி.எஸ்.இ.க்கு மாறின. ஒரே வீட்டில் அக்கா படித்தது ஒரு புத்தகம், தம்பி படிப்பது வேறு புத்தகம். அக்காவின் நோட்டை வைத்து தம்பி படிக்க முடியாது என்பது ஒரு பக்கம். போட்டித் தேர்வின் விடைக்குறிப்பு இரண்டில் எதையும் பார்க்காமல் மூன்றாவது புத்தகத்தைப் பார்க்கலாம் என்பது இன்னொரு பக்கம்.

தமிழில் மட்டும் குழப்பம் இல்லையா?

இருக்கிறது, தாராளமாக. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 கேள்விகள் தமிழ். சந்திப்பிழை, மரபுப்பிழை, ஒருமை பன்மைப் பிழை எல்லாம் அங்கே வழக்கமான விருந்தாளிகள்.

'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா? பொங்கலுக்குப் பொங்கல் ஃபேஸ்புக்கில் நடக்கும் சண்டை இது. 'கள்' வெறும் பன்மை விகுதி, அதற்கு முன் வல்லினம் மிகாது என்று ஒரு கட்சி. காலங்காலமாக அச்சில் 'எழுத்துக்கள்' என்று வந்துகொண்டிருக்கிறதே என்று இன்னொரு கட்சி. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வர வேண்டும் என்பது பாடநூல் விதி. ஆனால் 'ஒரு ஆண்டு' என்று நாளிதழ்களில் தினமும் வருகிறது, படிக்கிறவர் யாரும் தடுக்கி விழுவதில்லை. 'முயற்சிக்கிறேன்' என்பது தவறு, 'முயல்கிறேன்' அல்லது 'முயற்சி செய்கிறேன்' என்பதே சரி என்பார்கள். பேச்சில் 'முயல்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் முழிப்பார்.

பொருள் குழப்பமும் உண்டு. 'அம்மா அழுதுகொண்டே ஓடிய குழந்தையைத் தூக்கினாள்.' அழுதது யார்? 'அம்மா' என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்தால் குழந்தை. 'அழுதுகொண்டே' என்பதற்குப் பின்னால் வைத்தால் அம்மா. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் ஒரு துண்டு எதோடு சேரும் என்று கேட்கும் கேள்விகளும் இதே சாதிதான். தமிழில் இந்த விளையாட்டு பிடிபட்டவருக்கு ஆங்கிலத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

அமெரிக்காவிலும் மாட்டிக்கொண்டார்கள்

இந்தியத் தேர்வு வாரியங்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2002 அக்டோபரில் அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான பி.எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு பிழை திருத்த வாக்கியம் வந்தது. எழுத்தாளர் டோனி மோரிசனின் மேதைமை, அவரை இன்னின்ன நாவல்களைப் படைக்க வைக்கிறது என்பது அதன் சாரம். விடைக்குறிப்பு சொன்னது: பிழை இல்லை.

மேரிலாந்து மாநிலப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விடவில்லை. வாக்கியத்தில் 'டோனி மோரிசன்' என்ற பெயர்ச்சொல்லே இல்லை, 'டோனி மோரிசனின்' என்ற உடைமைச் சொல்தான் இருக்கிறது. அதைச் சுட்டி 'ஹெர்' என்று போடுவது பிழை என்று சில இலக்கண நூல்கள் சொல்கின்றன என்றார். பெரும்பாலானவர்கள் இது ரொம்ப ஓவர் என்றுதான் நினைத்தார்கள். நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் அவர் கையில் புத்தகம் இருந்தது. பல மாத வாதத்துக்குப் பிறகு 2003-ல் அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. ஏறத்தாழ 5 லட்சம் மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது.

அந்த ஆசிரியர் 'என் காதுக்குச் சரியாக இல்லை' என்று கடிதம் எழுதவில்லை. அச்சிட்ட நூலைக் காட்டினார். இந்த வித்தியாசம் கீழே மறுபடி தேவைப்படும்.

எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு வேறு வழியில் போனது. பல ஆண்டுகளாக அதன் அடையாளமாக இருந்த வாக்கியத் திருத்தக் கேள்விகளில், 'சரியான' வாக்கியத்தைக் கேட்காமல் இருப்பதில் 'சிறந்த' வாக்கியத்தையே கேட்பார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் அந்தப் பகுதியே இல்லை. படித்துப் புரிந்துகொள்வதும் தர்க்கமும் மட்டும்தான். இந்தியப் போட்டித் தேர்வுகளில் அப்படி எடுத்துவிடும் பேச்சு இல்லை.

சந்தேகத்தின் பலன் யாருக்கு?

கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனுக்கு. தேர்வில்?

1983-ல் கான்பூர் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை அடித்தளம். உத்தரப் பிரதேசத்தில் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் சில கேள்விகளின் விடைக்குறிப்பு தவறு என்று மாணவர்கள் போனார்கள். விடைக்குறிப்பு சரி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அது தவறு என்று ஊகத்தால் இல்லாமல் வெளிப்படையாகக் காட்டினால் மட்டுமே தலையிடலாம் என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் மாணவர்கள் பாடநூல்களைக் காட்டி ஜெயித்தார்கள். கூடவே நீதிமன்றம் சில யோசனைகளும் சொன்னது. விடைக்குறிப்பைச் சரிபார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு மொழி மட்டும் தெரிந்தால் போதாது, துறைச் சொற்களின் பொருளும் தெரிய வேண்டும். இரு பொருள் தரும் கேள்விகள் தாளில் இடம்பெறக் கூடாது. அப்படி ஒன்று தெரியவந்தால் உடனே அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட வேண்டும்.

40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. யோசனைகள் இன்னும் யோசனைகளாகவே இருக்கின்றன என்பதற்கு அடுத்தடுத்து வந்த வழக்குகளே சாட்சி.

2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில் கதவு இன்னும் கொஞ்சம் சாத்தப்பட்டது. அதுவும் உத்தரப் பிரதேசம்தான், ஆசிரியர் பணித் தேர்வு. எட்டு ஆண்டுகள் கழிந்தும் தேர்வு முடிவு இறுதியாகாமல் இருந்தது. விடைத்தாளை நீதிமன்றமே திருத்தக் கூடாது, சந்தேகம் என்று வந்தால் அதன் பலன் தேர்வரை விடத் தேர்வு நடத்தும் அமைப்புக்கே போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தேர்வு முடிவுகள் ஆண்டுக்கணக்கில் தொங்கினால் எல்லோருக்கும் நஷ்டம் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. கவலை நியாயமானது. ஆனால் குழப்பமான கேள்வியை எழுதியது ஒருவர், அதற்கான விலையைக் கொடுப்பது இன்னொருவர் என்று ஆகிவிட்டது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2024 நீட் தேர்வில் அணுக்கள் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைகளை ஏற்றது. காரணம், பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் ஒரு மாதிரி, புதிய புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது. ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யிடம் மூன்று நிபுணர்கள் குழுவைக் கேட்கச் சொன்னது. ஒரே நாளில் பதில் வந்தது: சரியான விடை ஒன்றுதான். பழைய புத்தகத்தை நம்பி விடையளித்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 5 மதிப்பெண் இழந்தார்கள். முழு மதிப்பெண் எடுத்தவர்களின் எண்ணிக்கை 61-ல் இருந்து 17 ஆனது. அக்காவின் பழைய புத்தகத்தை வாங்கிப் படிக்கும் வீடுகளில் இந்தக் கதையின் எடை தெரியும்.

தமிழுக்கு நடந்தது வேறு. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தரச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலையில் உத்தரவிட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது, நவம்பரில் உத்தரவையே ரத்து செய்தது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது நீட் தகவல் குறிப்பேட்டில் முன்பே இருக்கும் வரி. அந்த வரியைப் படிப்பவர்கள் குறைவு.

சரி, ஹாலில் என்ன பண்றது?

முதலில் கணக்கு. எஸ்.எஸ்.சி. முதல் கட்டத்தில் நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை டிக் அடித்தால்கூட சராசரியாக 0.125 மதிப்பெண் கிடைக்கும். இரண்டை ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை அடித்தால் சராசரி 0.75. இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலக் கேள்விக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 போகும். அங்கே நான்கில் ஒன்று என்று குருட்டாம்போக்கில் அடித்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, இரண்டில் ஒன்று என்றால் சராசரி 1. ஐந்து விடைகள் தரும் வங்கித் தேர்விலும் இரண்டுக்குள் வந்துவிட்டால் அடிப்பதே லாபம். ஆக, 'ரெண்டுல எதுன்னு தெரியல' என்று விட்டுவிட்டு வருவது கணக்குப்படி நஷ்டம். அதற்காக இரண்டு நிமிடம் யோசிப்பது அதைவிடப் பெரிய நஷ்டம். அந்த நேரத்தில் மூன்று கேள்விகள் போயிருக்கும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, விவாதமே இல்லாத பிழையை முதலில் தேட வேண்டும். எழுவாய் ஒருமை, வினை பன்மை; 'டிட்' வந்த பிறகும் வினையில் இறந்தகாலம்; 'ஸ்டில் பெட்டர்' இருக்க வேண்டிய இடத்தில் 'மோர் பெட்டர்'. இவை மாதிரி ஒன்று வாக்கியத்தின் வேறு துண்டில் இருந்தால் அதுதான் விடை. 'ஈச் அதரா, ஒன் அனதரா' என்பது வெறும் திசைதிருப்பல். வேறு எங்கேயும் பிழை இல்லை, சந்தேகப் பட்டியலில் இருக்கும் ஒரு சொல் மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்துகிறது என்றால், கேள்வி எடுத்தவர் அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார். அங்கே பழைய விதிக்கே ஓட்டு போடலாம்.

'பிழை இல்லை' என்ற விடைக்குப் பலரும் பயப்படுகிறார்கள். நான்கில் ஒன்றாக அது இருக்கும்போது சில கேள்விகளுக்கு அதுவே விடையாக இருக்கும். தேடித் தேடி இல்லாத பிழையை உருவாக்குவது கோச்சிங் அதிகம் ஆனவர்களுக்கு வரும் வியாதி.

வாக்கியத்தை மேம்படுத்தும் கேள்விகளில், கொடுத்த வாக்கியத்தோடு விடைகளை ஒப்பிடுவதற்கு முன் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது வேகம். எந்தச் சொல்லில் அவை வேறுபடுகின்றனவோ அங்கேதான் சோதனை. இலக்கணம் இரண்டிலும் சரியாக இருந்தால், மூல வாக்கியத்தின் பொருளை மாற்றாததுதான் விடை. மிடுக்கான ஆங்கிலத்துக்கு மார்க் கிடையாது.

தேர்வு முடிந்த பிறகு

எஸ்.எஸ்.சி.யும் தேசியத் தேர்வு முகமையும் தற்காலிக விடைக்குறிப்போடு ஒவ்வொருவரின் விடைத்தாளையும் இணையத்தில் போடுகின்றன. ஆட்சேபம் சொல்லச் சில நாட்கள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகக் கட்டணம். தேசியத் தேர்வு முகமையில் கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது. மூன்று கேள்விக்கு ஆட்சேபம் என்றால் 600 ரூபாய், கிராமத்துப் பிள்ளைக்கு அது யோசிக்க வைக்கும் தொகை.

கட்டணத்தை விடப் பெரிய தடை ஆதாரம். 'இந்த வார்த்தை தப்பு சார்' என்று நான்கு வரி எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நூலின் பெயர், பதிப்பு, பக்க எண், அந்தப் பக்கத்தின் படம் வேண்டும். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டு நூல். யூடியூப் வீடியோவும் கோச்சிங் சென்டரின் சொந்த விடைக்குறிப்பும் ஆதாரமாகாது. அதனால் ஆட்சேபம் சொல்லும் நாட்களில் நூலைத் தேடி அலையாமல், படிக்கும்போதே ஒவ்வொரு சந்தேக விதிக்கும் பக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் 200 ரூபாய் வீணாகாது. ஊரில் நான்கு பேர் ஒரே ஷிஃப்டில் எழுதியிருந்தால் ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொண்டு ஆட்சேபம் சொல்லலாம். விடைக்குறிப்பு மாறினால் அந்தக் கேள்வியை எழுதிய எல்லோருக்கும் மாறும், பணம் கட்டியவருக்கு மட்டும் அல்ல.

ஒரு கேள்வியை எப்படித் திருத்துகிறார்கள் என்பதும் முக்கியம். விடையை மாற்றினால் ஒரு கூட்டத்துக்கு லாபம், இன்னொரு கூட்டத்துக்கு இழப்பு. இரண்டு விடையையும் ஏற்றால் இரு தரப்புக்கும் மார்க். எல்லோருக்கும் மார்க் கொடுத்தால், அந்தக் கேள்விக்கு நேரம் செலவழித்தவரும் தொடாமல் விட்டவரும் சமம். சந்தேகமான கேள்வியில் நேரத்தைக் கொட்டுவது ஏன் நல்லதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டி.என்.பி.எஸ்.சி.யும் உத்தேச விடைகளை வெளியிட்டு இணையவழியில் மறுப்புகளைப் பெறுகிறது. வங்கித் தேர்வுகளில் நிலைமையே வேறு. ஐ.பி.பி.எஸ். விடைக்குறிப்பையே வெளியிடுவதில்லை. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் 30 கேள்விகள், 20 நிமிடம். கேள்வி குழப்பமாக இருந்தது என்று வெளியே வந்து சொல்லலாம், கேட்க யாரும் இல்லை. வங்கிக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் ஒரே நேரத்தில் படிப்பவர்கள் சந்தேக விதிகளின் பட்டியலை வங்கித் தேர்வுக்கு முன்னால் முடித்துவிடுவது இதனால்தான் நல்லது. எஸ்.எஸ்.சி.யில் தவறினால் ஆட்சேபம் என்று ஒரு வழியாவது மிச்சம் இருக்கும்.